சொந்தச் சர்வரில் மெய்நிகராக்கமா, கிளவுட் சேவையா: நிறுவனங்களுக்கான ஒரு மதிப்பீடு

சர்வர்களை மாற்ற வேண்டிய காலம் நெருங்கும்போதோ, மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் வரும்போதோ, எல்லா நிறுவனங்களிலும் ஒரே கேள்வி எழுகிறது. நம் தரவு மையத்திலேயே புதிய சர்வர்களை வாங்கி அவற்றின் மேல் மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனித்தனிக் கணினிகளை) தொடர்ந்து ஓட்டுவதா, அல்லது எல்லாவற்றையும், இணையம் வழியே கணினித் திறனை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைக்கு மாற்றிவிடுவதா? இரு தரப்பு விற்பனையாளர்களும் தயாரான விடையோடுதான் வருகிறார்கள். இரண்டு வகைச் சேவைகளையும் நிர்வகித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதற்கு உகந்தது, எங்கே ஏமாற்றுகிறது என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தொழில்நுட்பங்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் இரண்டின் அடியிலும் இருப்பது ஹைப்பர்வைசர் என்ற ஒரே வகை மென்பொருள்தான். ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் இந்த உத்தியை ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே உருவாக்கி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. சாதாரண இன்டெல் வகைச் சர்வர்களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர். 2006இல் அமேசான், மெய்நிகர் இயந்திரங்களை வாடகைக்கு விடும் தன் இசி2 சேவையைத் திறந்தபோது அதன் அடியில் ஓடியது ஸென் என்ற திறமூல ஹைப்பர்வைசர். 2017இல் அமேசான் அறிமுகப்படுத்திய நைட்ரோ அமைப்பு, லினக்ஸின் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரை அடிப்படையாகக் கொண்டது. அதே கேவிஎம்மை எந்த நிறுவனமும் தன் சொந்தச் சர்வரில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். எனவே நாம் உண்மையில் தேர்ந்தெடுக்கப்போவது வேறு ஒன்றை: தேவைக்கு மேல் வாங்கி வைக்கவேண்டிய உபரித் திறனை யார் சுமப்பது, நள்ளிரவில் ஒரு டிஸ்க் பழுதானால் யார் எழுந்து பார்ப்பது, அந்த இரண்டுக்கும் நாம் எந்த வடிவில் பணம் கொடுப்பது என்பதைத்தான்.

சொந்தத் தரவு மையத்தின் மெய்நிகராக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இன்றைய பேச்சில் அதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. ஒரு பயன்பாட்டுக்கு ஒரு சர்வர் என்றிருந்த காலத்தில், பெரும்பாலான சர்வர்கள் தம் திறனில் சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்தி, மின்சாரத்தை மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டு நின்றன. மெய்நிகராக்கம் அந்த வீணடிப்பைக் கணிசமாகக் குறைத்தது. மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் மூன்று அல்லது நான்கு ஹோஸ்ட் சர்வர்களை ஒன்றாக இணைத்த ஒரு கிளஸ்டரில், ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், கோப்புப் பகிர்வு, தரவுத்தளம், பயனர் அங்கீகாரம் அனைத்தும் வசதியாக அடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலேயே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதியை விஎம்வேர் 2003இல் வீமோஷன் என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று முக்கியப் போட்டித் தயாரிப்புகள் எல்லாவற்றிலும் அது உண்டு. வேலை நாளின் நடுவே, பயனர்கள் எவருக்கும் தெரியாமல், ஒரு சர்வரைக் காலிசெய்து அதன் ரேமை மாற்றிவிட முடிகிற அந்த வசதியின் அருமை, அதைச் செய்து பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தகைய கிளஸ்டரில் சிபியுவைவிட ரேமே பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோகிறது என்பதைத் திட்டமிடும்போதே நினைவில் வைக்க வேண்டும். சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதியான ஒரு கோரின் மேல் பல மெய்நிகர் சிபியுக்களை அடுக்கலாம், ஏனெனில் எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் உழைப்பதில்லை. ரேமை அப்படி நீட்டினால், நினைவகத்தில் இருக்க வேண்டியவை டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டு, மொத்தக் கிளஸ்டரும் தள்ளாடத் தொடங்கும். அதோடு, ஒரு ஹோஸ்ட் விழுந்தாலும் மற்றவை அதன் சுமையைத் தாங்க வேண்டுமானால், மூன்று ஹோஸ்ட்கள் கொண்ட கிளஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு ரேம் எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். ஹை அவைலபிலிட்டி என்று விற்கப்படும் வசதி, விழுந்த ஹோஸ்டில் இருந்த இயந்திரங்களை வேறொரு ஹோஸ்டில் மறுபடி தொடக்கிக் கொடுக்கும். அவை எழுந்து வரும்வரை தடை உண்டு. இதைத் தடையே இல்லாத சேவை என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடுவது பின்னாளில் மனக்கசப்பைத்தான் உண்டாக்கும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் எப்படி வளர்ந்திருக்கும் என்று ஊகித்து, அதற்கான பணத்தை இன்றே கட்ட வேண்டும். ஊகம் மிகையானால் சர்வர்கள் காலியாக நிற்கும். குறைந்துவிட்டால் கொள்முதல் ஒப்புதல், விநியோகம், நிறுவல் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். மின்சாரமும் குளிரூட்டலும் இன்னொரு பக்கம். தரவு மையத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்துக் கிடைக்கும் பியூஇ என்ற அளவு, கூகுளின் மையங்களில் சராசரியாக 1.1 அளவில் இருக்க, அப்டைம் இன்ஸ்டிடியூட் துறை முழுவதும் நடத்தும் ஆய்வுகளில் அண்மை ஆண்டுகளாக 1.5க்கும் 1.6க்கும் இடையிலேயே நிற்கிறது. அதாவது சர்வருக்குள் செல்லும் ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் அங்கே கூடுதலாக 10 யூனிட்டும், மற்றவர்களிடம் சராசரியாக 50 யூனிட்டுக்கு மேலும் செலவாகின்றன. அலுவலகக் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கிக் குளிர்சாதனம் பொருத்தியிருப்பவர்களின் நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். மின்கட்டணம் பெரும்பாலும் வேறொரு துறையின் கணக்கில் போய்விடுவதால், சொந்தச் சர்வர் மலிவு என்று காட்டும் ஒப்பீடுகள் பலவற்றில் இந்தச் செலவு இடம்பெறுவதே இல்லை.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் சொந்த மெய்நிகராக்கத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்த வைத்தது வன்பொருளோ மின்சாரமோ இல்லை, உரிமம்தான். 2022 மே மாதம் விஎம்வேரை ஏறத்தாழ 6,100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த பிராட்காம், 2023 நவம்பர் 22 அன்று அதை முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா மட்டுமே என்றானது. தனித்தனியாக வாங்க முடிந்த பல தயாரிப்புகள் சில பெரிய தொகுப்புகளுக்குள் அடைக்கப்பட்டன. கட்டணம் கோர் எண்ணிக்கையின்படி, ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்ற கணக்கில் வசூலிக்கப்படுகிறது. எட்டு கோர் சிபியு வைத்திருப்பவரும் பதினாறுக்குக் கட்ட வேண்டும். சிறு நிறுவனங்களும் பயிற்சி பெறுவோரும் நம்பியிருந்த, விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. இஎஸ்எக்ஸ்ஐயை உள்ளடக்கிய விஎம்வேர் தொகுப்பான வீஸ்பியரின் 7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டது. வீஸ்பியர் 8க்கு 2027 அக்டோபர் 11 வரை காலம் இருக்கிறது. தயாரிப்பின் தரத்தில் எனக்கு இன்றும் குறை இல்லை. சுமையைத் தானாகப் பகிர்ந்தளிப்பதிலும், பெரிய கிளஸ்டர்களை ஒரே இடத்திலிருந்து ஆள்வதிலும் அதற்கு ஈடானதை நான் பார்க்கவில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான ஹோஸ்ட்கள் இல்லாத ஒரு நிறுவனத்துக்கு அந்தத் தொகுப்புகளின் பெரும்பகுதி தேவையற்றது. தேவையற்றதற்குச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றுவழிகள் இருக்கின்றன என்பதை வலியுறுத்துவது அவசியம், ஏனெனில் விஎம்வேரின் விலை ஏறியது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளவுடுக்கு ஓடுவது ஒரு பொருந்தாத முடிவு. டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்துக் கட்டப்பட்ட பிராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் வெளிவருகிறது. அதன் எல்லா வசதிகளும் திறமூலமாகவே கிடைக்கின்றன. ஆதரவுக்கும் நிலையான புதுப்பிப்புகளுக்கும் மட்டும் சிபியு சாக்கெட் எண்ணிக்கையில் சந்தா கட்டினால் போதும். 2024இல் இஎஸ்எக்ஸ்ஐ இயந்திரங்களை நேரடியாக இறக்குமதி செய்யும் கருவி அதில் சேர்ந்தது. அதே ஆண்டில் வீம் பேக்கப் மென்பொருளும் அதை ஆதரிக்கத் தொடங்கியது. சுமைப் பகிர்வில் விஎம்வேரின் முதிர்ச்சி அதற்கு இல்லை. இரண்டு அல்லது மூன்று ஹோஸ்ட்களோடு, லினக்ஸ் தெரிந்த ஒருவரும் இருக்கும் நிறுவனத்துக்கு அது ஒரு பெரிய குறையாகாது. முழுக்க விண்டோஸ் சூழலில் இருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இயல்பான தேர்வு: விண்டோஸ் சர்வரின் டேட்டாசென்டர் உரிமத்தை எப்படியும் வாங்கப்போகிறவர்கள், அந்தச் சர்வரில் எத்தனை விண்டோஸ் மெய்நிகர் இயந்திரங்களையும் ஓட்டிக்கொள்ளலாம், ஹைப்பர்வைசருக்குத் தனிச் செலவும் இல்லை. இன்னொரு மெய்நிகராக்கத் தொகுப்பான நியூட்டானிக்ஸ் நேர்த்தியான தயாரிப்பு. ஆனால் அதுவும் சந்தாதான், ஆகவே ஒரு விற்பனையாளரின் பிடியிலிருந்து இன்னொருவரின் பிடிக்குப் போகிறோம் என்பதை உணர்ந்தே வாங்க வேண்டும்.

இனி கிளவுட். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை, கிளவுடுக்கு ஐந்து இலக்கணங்களைச் சொல்கிறது: தேவைப்படும்போது தாமே எடுத்துக்கொள்ளுதல், நெட்வொர்க் வழியே எங்கிருந்தும் அணுகுதல், வளங்களைப் பொதுவில் பகிர்தல், விரைந்து விரிந்து சுருங்குதல், பயன்பாட்டை அளந்து கட்டணம் விதித்தல். இந்த ஐந்தில் விரிந்து சுருங்குதல்தான் பணத்தை மிச்சப்படுத்துவது. விரிவது எல்லோருக்கும் எளிதாகக் கைவருகிறது. சுருங்குவதற்கு மென்பொருளின் கட்டமைப்பும் நிர்வாகிகளின் பழக்கமும் மாற வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பற்றி விற்பனைக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் பின்னாளில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

கிளவுடின் சிறப்புகளை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மாதங்கள் பிடித்த சர்வர் கொள்முதல் சில நிமிட வேலையாகிவிட்டது. ஒரு புதிய முயற்சியைத் தொடங்கிப் பார்த்து, அது சரிவராவிட்டால் மறுநாளே மூடிவிட முடிகிறது. தனித்தனி மின்சாரமும் கட்டடமும் கொண்ட அவைலபிலிட்டி ஸோன்களில் ஒரே பயன்பாட்டைப் பரப்பி ஓட்டுவது, முன்பு மிகப் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியான ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நிர்வகிக்கப்படும் தரவுத்தளச் சேவைகளையே நான் உயர்வாக மதிப்பிடுவேன். பேக்கப் எடுப்பது, பேட்ச் (பிழைதிருத்தப் புதுப்பிப்பு) போடுவது, இன்னொரு ஸோனில் நகல் வைத்திருப்பது, முதன்மை விழுந்தால் நகலுக்கு மாறுவது என்று ஒரு தரவுத்தள நிர்வாகியின் சலிப்பூட்டும் வேலைகள் அனைத்தையும் அவை ஏற்றுக்கொள்கின்றன. அதற்கென்று தனி ஆள் வைக்க இயலாத நிறுவனத்துக்கு, அந்த ஒரு சேவையே கிளவுடுக்குப் போவதற்குப் போதுமான காரணமாகலாம்.

பில் வரும்போது வேறு முகம் தெரிகிறது. இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் கட்டணம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இயந்திரத்துக்கான கட்டணம் மட்டுமே நிற்கும், அதோடு இணைந்த டிஸ்க்குக்கான கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும். உள்ளே அனுப்பும் தரவுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் உண்டு. ஒரே பகுதியில் உள்ள இரண்டு ஸோன்களுக்கு இடையே தரவு போய்வந்தாலும் அமேசானில் கட்டணம் உண்டு. நம்பகத்தன்மைக்காக இரண்டு ஸோன்களில் பரப்பி வைத்தவர்கள் இதை முதல் பில்லில்தான் பெரும்பாலும் கண்டுகொள்கிறார்கள். 2024 பிப்ரவரி முதல் அமேசான் இணையத்தில் ஓர் இயந்திரத்தை அடையாளம் காட்டும் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கணக்கில் வசூலிக்கிறது. தனிப்பட்ட நெட்வொர்க்கிலுள்ள இயந்திரங்கள் இணையத்தை அணுக உதவும் நாட் கேட்வே, மணிக் கட்டணத்தோடு அதைக் கடக்கும் தரவின் அளவுக்கும் தனியாக வாங்குகிறது. பழைய ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் ஒரு கணத்து நகல்கள்), அளவற்றுச் சேரும் பதிவுகள், யாருடையது என்றே தெரியாமல் நிற்கும் டிஸ்க்குகள் எல்லாம் சேரும்போது, இயந்திரங்களுக்கான தொகையை மட்டும் கூட்டிப் பார்த்துத் தயாரித்த மதிப்பீடு எந்தப் பயனும் அற்றதாகிவிடுகிறது.

அளவு கணக்கிடுவதிலும் கவனம் தேவை. இன்டெல் சிபியு உள்ள கிளவுட் இயந்திரங்களில் ஒரு மெய்நிகர் சிபியு என்பது பொதுவாக ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது அரைக் கோர். சொந்தச் சர்வரின் எட்டு கோர்களுக்கு இணையாக எட்டு மெய்நிகர் சிபியுவை எடுத்தால் பாதித் திறனே கைக்கு வரும். அமேசானின் மலிவான டி3 வகை இயந்திரங்கள் முழு வேகத்தில் தொடர்ந்து ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. உதாரணமாக டி3 மீடியத்தின் அடிப்படைத் திறன் ஒவ்வொரு சிபியுவிலும் 20 சதவீதம்தான். அதைத் தாண்டும்போது சேமித்த கிரெடிட் கரைகிறது, கரைந்த பின் கூடுதல் கட்டணம் ஏறுகிறது. நாள் முழுவதும் உழைக்கும் தரவுத்தளத்தை அதில் வைத்துவிட்டு, கிளவுட் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எந்த வழி மலிவு என்ற கேள்விக்கு, சுமையின் வடிவத்தைப் பார்க்காமல் விடை சொல்லவே முடியாது. ஒரு மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். சோதனைக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் பயன்படும் ஓர் இயந்திரம், நாளுக்கு 10 மணி நேரம் வீதம் 22 வேலை நாட்கள் மட்டும் ஓடினால் 220 மணி நேரம்தான். மீதி நேரத்தில் அதைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், இயந்திரக் கட்டணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, சில வாரங்கள் மட்டும் சுமை பல மடங்காகும் தேர்வு முடிவு இணையதளம் போன்றவற்றுக்கும் கிளவுடைவிடப் பொருத்தமானது வேறில்லை. மாறாக, ஆண்டின் 8,760 மணி நேரமும் ஒரே சீராக உழைக்கும் கணக்குத் தரவுத்தளத்துக்கு, விரிந்து சுருங்கும் வசதியால் கிடைப்பது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட சுமைக்கு ஓராண்டு அல்லது மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டால் கட்டணம் கணிசமாகக் குறையும். அமேசான் அதிகபட்சம் 72 சதவீதம் வரை என்கிறது. ஆனால் மூன்றாண்டுக்கு முன்கூட்டியே கட்டுப்படுவதென்றால், சர்வர் வாங்கும்போது செய்த அதே ஊகத்தை மறுபடியும் செய்கிறோம். ஊகத்தின் சுமை நம்மிடமே திரும்பி வந்துவிடுகிறது, ஒப்பந்தம் முடியும்போது கையில் சர்வரும் மிஞ்சுவதில்லை.

இருக்கும் மெய்நிகர் இயந்திரங்களை அப்படியே தூக்கிக் கிளவுடில் வைக்கும் முறையை நான் கடைசி வழியாக மட்டுமே ஏற்பேன். சொந்தக் கிளஸ்டரில் ஓர் இயந்திரத்துக்கு அதிகமாக ரேம் ஒதுக்குவதால் உடனடிச் செலவு எதுவும் தெரிவதில்லை, அதனால் எல்லா இயந்திரங்களும் தேவைக்கு மேல் பருத்திருக்கும். அந்தப் பருமனோடு கிளவுடுக்குப் போனால், பயன்படாத ஒவ்வொரு ஜிபிக்கும் மணிக்கணக்கில் வாடகை ஓடும். தூரம் இன்னொரு சிக்கல். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லி வினாடி ஆகும், இடையிலுள்ள கருவிகளையும் சுற்றுப் பாதையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு திரையைக் காட்ட 500 சிறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரவுத்தளத்திடம் கேட்கும் பழைய மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரவுத்தளம் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்விக்கும் அரை மில்லி வினாடி ஆனால் மொத்தம் கால் வினாடி. தரவுத்தளத்தை மட்டும் கிளவுடுக்கு மாற்றி, ஒவ்வொரு கேள்வியும் 30 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால், அதே திரைக்கு 15 வினாடி. எவ்வளவு பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. ஆகையால் நெருங்கிப் பேசும் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் பிரிக்காமல், ஒன்று இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் இரண்டையும் இருக்கும் இடத்திலேயே விட வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் அனுபவத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் பாதியை மட்டும் சொல்வதுண்டு. 2008 ஆகஸ்டில் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாட்கள் டிவிடிக்களை அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், அதன் பிறகே அமேசானுக்கு மாறத் தொடங்கி, 2016 ஜனவரியில் அதை முடித்தது. அதே நெட்ஃபிளிக்ஸ், படங்களைப் பார்வையாளர்களிடம் கொண்டுசேர்க்கும் மிகக் கனமான வேலையை ஓபன் கனெக்ட் என்ற தன் சொந்தக் கருவிகளில்தான் செய்கிறது. கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் 2015, 2016 காலத்தில் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து தன் சொந்தச் சேமிப்பகத்துக்கு மாற்றிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சமானதாகப் பங்குச் சந்தையில் நுழையும்போது 2018இல் அதன் ஆவணம் சொன்னது. மென்பொருள் நிறுவனமான 37சிக்னல்ஸ் 2022இல் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு தன் பயன்பாடுகளைச் சொந்தச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. மூன்றிலும் ஒரே தர்க்கம் ஓடுகிறது: அளவு தெரிந்த, சீரான, கனமான வேலைக்குச் சொந்தக் கருவி; அளவு தெரியாததற்கும் அடிக்கடி மாறுவதற்கும் வாடகை. ஆனால் டிராப்பாக்ஸிடம் இருந்த அளவும் பொறியாளர்களும் தங்களிடம் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளாமல் அதன் வழியைப் பின்பற்றுவது நிறுவனங்களுக்கு ஆபத்தானது.

நம்பகத்தன்மையைப் பற்றிய வாக்குறுதிகளை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். அமேசானின் இசி2 ஒப்பந்தம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஸோன்களில் பரப்பி வைத்தால் மாதத்துக்கு 99.99 சதவீதம் என்கிறது. 30 நாள் மாதத்தில் அது ஏறத்தாழ 4.3 நிமிடத் தடைக்கு இடம் தருகிறது. ஒரே ஓர் இயந்திரத்தை மட்டும் வைத்திருப்பவருக்கோ 99.5 சதவீதம்தான், அதாவது 3.6 மணி நேரம். அந்த அளவை மீறினாலும் கிடைப்பது கட்டணத்தில் ஒரு பகுதி கழிவு மட்டுமே. வியாபாரம் நின்றதற்கான இழப்பீடு இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று, தவறாக உள்ளிடப்பட்ட ஒரே ஒரு கட்டளையால் அமேசானின் எஸ்3 சேமிப்பகம் வடக்கு வர்ஜீனியாவில் பல மணி நேரம் முடங்கியது. 2025 அக்டோபர் 20 அன்று அதே பகுதியில், ஒரு தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ்ஸில் (பெயரை இணைய முகவரியாக மாற்றும் அமைப்பில்) நேர்ந்த பிழையிலிருந்து தொடங்கிய முடக்கம் உலகெங்கும் எத்தனையோ சேவைகளை இழுத்துச் சென்றது. இப்படிப்பட்ட நாட்களில் நம் நிர்வாகி செய்யக்கூடியது அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே என்பதையும் நிர்வாகம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

தீ என்று வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் ஒரு தரவு மையக் கட்டடம் முழுவதும் எரிந்தது. வேறு இடத்தில் பேக்கப் வைத்திராத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் சொந்தத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளிலிருந்து எழுந்த தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியில் நகல் இருக்கவில்லை. தீயே இல்லாமலும் தரவு போகலாம்: 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பர், கூகுள் கிளவுடில் நிறுவும்போது ஓர் அமைப்பில் நேர்ந்த தவறால், இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும் தன் தனிக் கிளவுட் முழுவதையும் இழந்து, பல நாட்கள் முடங்கியது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எது பாதுகாப்பானது என்ற பொதுக் கேள்விக்கு அதிக மதிப்பு இல்லை. 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பூட்டிய மிரட்டல் மென்பொருள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பேட்ச் வெளியாகிவிட்ட ஒரு பிழையின் வழியே நுழைந்தது. மேலாண்மை முகப்பை இணையத்துக்குத் திறந்து வைத்து, பேட்சும் போடாத சர்வர்களே அதில் சிக்கின. கிளவுடில் ஹைப்பர்வைசரின் பேட்சை வழங்குநர் போட்டுவிடுவார். ஆனால் இயந்திரத்தின் உள்ளேயுள்ள இயங்குதளம், அணுகல் உரிமைகள், பொதுவெளிக்குத் திறந்துவிட்ட சேமிப்பகம் எல்லாம் நம் பொறுப்பு. நிர்வாகக் கணக்கின் சாவி ஒன்று கசிந்தால், கட்டடத்துக்குள் நுழையாமலேயே அனைத்தையும் அழித்துவிட முடியும் என்பது கிளவுடுக்கே உரிய அபாயம். இரண்டு வழிக்கும் திறமையான ஆட்கள் தேவை. கிளவுடுக்குப் போனால் நிர்வாகிகளைக் குறைக்கலாம் என்ற கணக்கு, டிஸ்க் மாற்றும் வேலையைக் குறைத்ததைப் பார்க்கிறதே ஒழிய, அணுகல் கொள்கைகளையும் பில்லையும் நாள்தோறும் கண்காணிக்கும் புதிய வேலையைப் பார்ப்பதில்லை.

இடைப்பட்ட தயாரிப்புகளும் உண்டு. அமேசானின் அவுட்போஸ்ட்ஸும், முன்பு அஸூர் ஸ்டாக் எச்சிஐ என்றழைக்கப்பட்டு 2024 முதல் அஸூர் லோக்கல் என்ற பெயரில் வரும் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பும், கிளவுடின் நிர்வாக முறையை நம் கட்டடத்துக்குள் கொண்டுவருகின்றன. தரவு வெளியே போகக் கூடாது என்ற சட்டக் கட்டாயமோ, தொழிற்சாலைக் கருவிகளுக்கு மிகக் குறைந்த தாமதமோ தேவைப்படும் இடங்களைத் தவிர, மற்றவர்களுக்கு இவை இரு வழிகளின் செலவையும் ஒருசேரக் கொண்டுவரும் என்பது என் கணிப்பு.

என் தேர்வைச் சொல்கிறேன். சீரான சுமையும், ஏற்கெனவே இயங்கும் தரவு மைய அறையும், குறைந்தது இரண்டு திறமையான நிர்வாகிகளும் உள்ள நிறுவனம், தன் மைய மென்பொருளைச் சொந்தக் கிளஸ்டரிலேயே வைத்துக்கொள்ளட்டும். விஎம்வேரின் புதுப்பிப்பு வரும் நாளுக்கு ஓராண்டு முன்பே பிராக்ஸ்மாக்ஸையோ ஹைப்பர்-வியையோ முக்கியமில்லாத இயந்திரங்களில் ஓட்டிப் பார்க்கட்டும். நிர்வாகி ஒருவரே இருக்கிறார், அவரும் விடுப்பில் போனால் சர்வர் அறைக்குள் நுழைய ஆள் இல்லை என்ற நிலையிலுள்ள நிறுவனம், செலவு கூடுதலாக இருந்தாலும் நிர்வகிக்கப்படும் கிளவுட் சேவைகளுக்குப் போவதே நல்லது. மின்னஞ்சலையும் அலுவலக ஆவணங்களையும் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருப்பதற்கு எந்த அளவு நிறுவனத்துக்கும் இன்று வலுவான காரணம் இருப்பதாக நான் கருதவில்லை. இணையத்தில் பொதுமக்கள் வந்துபோகும் தளங்கள் கிளவுடில் இருக்கட்டும். முடிவெடுக்கும் முன், ஒவ்வோர் இயந்திரத்தின் சிபியு, ரேம், டிஸ்க் பயன்பாட்டையும் குறைந்தது ஒரு முழு மாதம், கணக்கு முடிக்கும் நாட்களையும் உள்ளடக்கி, அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவீடு இல்லாமல் வரும் எந்த விலை ஒப்பீட்டையும், அதை யார் கொண்டுவந்தாலும், ஏற்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும், வெளியேறும் வழியையும் மீட்கும் வழியையும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஆனால் ஒரே வழங்குநரிடம் மட்டுமே உள்ள சேவைகளைச் சார்ந்து எழுதிய மென்பொருளை மாற்றி எழுதும் செலவுக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. சொந்தக் கிளஸ்டர் வைத்திருப்போருக்கு, பேக்கப்பின் ஒரு நகலைக் கிளவுடில் வைப்பது மிகச் சிறந்த பயன்பாடு: அந்தக் கணக்கின் கடவுச்சொல் அலுவலகப் பயனர் அமைப்போடு இணையாமல் தனியாக இருக்க வேண்டும், குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டும் போட்டிருக்க வேண்டும். அதை மீட்டெடுக்க ஆகும் நேரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். 10 டெராபைட் தரவை 100 மெகாபிட் இணைப்பில் இறக்க 9 நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். அத்தனை காலம் காத்திருக்க முடியாத நிறுவனம், தரவைக் கீழே இறக்காமல், அந்தப் பேக்கப்பிலிருந்து கிளவுடிலேயே தற்காலிக இயந்திரங்களை எழுப்பி வேலையைத் தொடரும் முறையை ஆண்டுக்கு ஒரு முறையாவது உண்மையாக ஒத்திகை பார்த்து, ஆன நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.